மோந்து பார்க்கும் வேலை

என் கொழுந்தன் மனைவியும் நானும் ஒரே ஓட்டலில் வேலை பார்த்தோம். எனக்குப் பாத்திரம் கழுவுவது. அவளுக்கு மேசைக் குப்பிகள். ஒவ்வொரு மேசையிலும் உப்பு, மிளகுத்தூள், வினிகர், தக்காளி சாஸ் வைத்த ஒரு தட்டு இருக்கும். காலையில் எல்லாவற்றையும் திரட்டி வந்து, பிசுக்கைத் துடைத்து, அடைத்துக்கொண்ட உப்புக்குப்பியை ஊசியால் குத்திவிட்டு, நிரப்பி வைப்பாள்.

பாதி தீர்ந்த சாஸ் பாட்டிலை எறியமாட்டார்கள். ஒன்றின் வாயில் இன்னொன்றைக் கவிழ்த்து ஒழுகவிட்டு முழுசாக்குவது எங்கள் ஓட்டல் வழக்கம். ஒன்று புளித்திருந்தாலும் சேர்ந்ததெல்லாம் கெட்டுவிடும். அதனால் கவிழ்க்கும் முன்பு ஒவ்வொன்றையும் மோந்து பார்ப்பாள். பரிமாறுகிறவர்கள் அவளுக்கு 'மோப்பம்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

"மோப்பம், நான் என்ன சாப்பிட்டேன் சொல்லு பார்ப்போம்?"

"சாப்பிட்டது தெரியல. குளிக்கலன்னு தெரியுது."

அப்படிச் சிரித்துக்கொண்டு இருந்தவள்தான். கொழுந்தன் ஏணியிலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே விளங்காமல் படுத்தபின் அவள் சம்பளத்தில்தான் இரண்டு வயிறு. அந்த நேரம் பார்த்து அவளுக்கு ஒரு காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போனது, கூடவே வாசனையும் போனது.

"வினிகரை மூக்குகிட்ட வச்சேன்க்கா, பச்சைத்தண்ணி மாதிரி இருக்கு. யார்கிட்டயும் சொல்லிடாதே. இந்த வேலையும் போச்சுன்னா நாங்க எங்க போவோம்?"

அதன்பின் பேச வருவதுபோல என் பக்கம் வந்து பாட்டிலை நீட்டுவாள். கையெல்லாம் சோப்பு நுரையோடு நான் மோந்து தலையாட்டுவேன். அவளுக்கு மூக்கைத் திருப்பிக் கொடு என்று கடவுளிடம் தினமும் கேட்டேன்.

நடுவில் முதலாளி வீட்டுக்கு விருந்தாளிகள் வர, அங்கே வேலை செய்ய என்னை அனுப்பிவிட்டார்கள். நான் திரும்பி வந்த அன்றே, சாப்பிட வந்த ஒருவர் சாஸ் பாட்டிலோடு மேனேஜரிடம் போய்விட்டார். மேனேஜர் அதை உள்ளே எடுத்துவர, அடுப்படி முழுக்க அந்தப் புளிச்ச நாற்றம். எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டோம்.

"மோந்து பாரும்மா. எப்படி இருக்கு?" என்றார் மேனேஜர்.

அவள் கண் என்னைத் தேடியது. நடுவில் அவர் நின்றார். பழையபடி கண்ணை மூடி நன்றாக இழுத்து மோந்தாள்.

"நல்லாத்தான் இருக்கு சார்."

ஒருவரும் சிரிக்கவில்லை.

மேனேஜர் கெட்டவர் இல்லை. "உன்மேல கோவமில்லம்மா. நாளையிலேருந்து மேசையில ஒண்ணும் வைக்கப் போறதில்ல. கேக்கறவங்களுக்கு ரெண்டு பாக்கெட் கொடுத்தா முடிஞ்சுது. உனக்கு வேலைன்னு எதைக் கொடுப்பேன்?"

"பாத்திரம் கழுவட்டுமே சார்," என்றேன்.

"அதுக்குத்தான் நீ இருக்கியே."

அவள் என் முழங்கையைத் தொட்டு, "விடுக்கா," என்றாள்.

மறுநாள் வேலை முடிந்து அவர்கள் வீட்டுக்குப் போனேன். ஒற்றை அறை, ஜன்னல் சாத்தியிருந்தது. கதவைத் திறந்ததும் ஏதோ அழுகிய நாற்றம் முகத்தில் அடித்தது. அவளோ கொழுந்தன் பக்கத்தில் உட்கார்ந்து ஊட்டிக்கொண்டிருந்தாள்.

"வாக்கா, ஒரு வாய் சாப்பிடு."

தண்ணீர் கேட்டு அவளை வெளியே அனுப்பிவிட்டு அவனை ஒருக்களித்துச் சட்டையைத் தூக்கினேன். முதுகின் அடியில் படுக்கைப்புண் குழியாக அழுகியிருந்தது.

"அவகிட்ட சொல்லாதீங்க அண்ணி," என்றான் மெதுவாக. "முதுகை நானே துடைச்சுக்கறேன்னு சொல்லி மறைச்சேன். ஆஸ்பத்திரி அது இதுன்னு லீவு போட்டா வேலைக்கு ஆபத்துன்னு பார்த்தேன். நேத்து வேலையும் போச்சு. இனிமே எந்த வாயால சொல்றது?"

செம்பை ஏந்தி அவள் வாசலில் நின்றிருந்தாள். எப்போது வந்தாளோ, தெரியாது. வந்து புண்ணைப் பார்த்தாள். செம்பைக் கீழே வைத்தாள்.

"எனக்குத்தான் மூக்கில்ல. உங்களுக்கு இருந்துச்சே. நீங்களாவது சொல்லியிருக்கலாமே."

அவன் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். நான் ஜன்னலைத் திறந்துவிட்டேன். கடவுளே என்று சொன்னேன். அதற்குமேல் அவரிடம் என்ன கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை.