மேரினின் கலியாணம் முடியட்டும்

என் தங்கை கரோலினாவின் கணவர் ஸ்ரனிஸ்லாஸ் மேல் எனக்கு உள்ள கோபம் இன்னும் ஆறவில்லை. கெட்ட மனிசன் என்றால் இரண்டு நாளில் மறந்திருப்பேன்.

பேசாலையில் பிறந்து, எங்கள் நாட்டுச் சண்டையால் பத்து வயதில் ஒஸ்லோவுக்கு வந்தவர். இங்கே கட்டாயப் படைச் சேவைக்குப் போனவர், வாகனம் திருத்துகிறவராக அங்கேயே நின்றுவிட்டார். ஒரு படைக்குப் பயந்து ஓடி வந்து இன்னொரு படையில் சேருவதா என்று நாங்கள் இருக்கிற ஸ்டோவ்னர் பகுதியில் எங்கள் ஆட்கள் கேட்டார்கள். அவர் சிரித்துவிட்டுப் போய்விடுவார். பிறகு படை அவரை ஆப்கானிஸ்தானுக்கு அனுப்பியது. அங்கே முகாமுக்குப் பின்னால் பெரிய குழி ஒன்று. பிளாஸ்ரிக், பற்றறி, ரயர் என்று எல்லாக் குப்பையையும் டீசல் ஊற்றி அதற்குள் எரிப்பார்களாம். புகை வருகிற பக்கம்தான் அவருடைய வேலைக் கொட்டகை.

திரும்பி வந்து பஸ் கராஜில் சேர்ந்தார். இருமல் விடவேயில்லை. நாலு வருடத்துக்கு முன் டொக்ரர், நுரையீரல் தழும்பேறிவிட்டது, அந்தப் புகைதான் காரணம் என்றார். படையில் பாதிக்கப்பட்டவர்களுக்கான ஓய்வூதியத்துக்கு மூன்று வருடத்துக்குள் விண்ணப்பிக்கச் சொன்னார். அது கிடைத்தால் கராஜை விட்டுவிட்டு வீட்டில் ஆறுதலாக மூச்சு விடலாம்.

அந்த நேரம் பார்த்து மகள் மேரினுக்குச் சம்பந்தம் பேசத் தொடங்கியிருந்தோம். விண்ணப்பித்து வேலையை விட்டால் ஏன் என்று சனம் துருவும். தகப்பனின் உடம்பில் நஞ்சு என்று வெளியே தெரிந்தால், மகளுக்குப் பிறக்கிற பிள்ளையும் குறையோடு பிறக்கும் என்று சனம் கதை கட்டிவிடும். கரோலினாவுக்கு அந்தப் பயம். டொக்ரர் அப்படி ஒன்றும் இல்லை என்று சொன்னது அவள் காதில் ஏறவில்லை. உடனே விண்ணப்பிக்கச் சொல்லி நான் சத்தம் போட்டேன்.

“அக்கா, மேரின்ரை கலியாணம் முடியட்டும். இவ்வளவு காலம் பொறுத்தனான், இன்னும் கொஞ்சம்தானே,” என்றார் ஸ்ரனிஸ்லாஸ்.

மேரினுக்கும் சொல்லவில்லை. ஆராவது கேட்டால் குளிர் ஒத்துவரவில்லை என்பார். சின்னப் பிள்ளையிலிருந்து இந்தக் குளிரில் வளர்ந்தவர் சொல்லுகிற கதையா இது? இரண்டு சம்பந்தம் வேறு ஏதோ காரணத்தால் தட்டிப்போக, மூன்றாவதாக எல்லிங்ஸ்ருட் பகுதியில் இருக்கிற மேரியம்மாவின் மகன் சரிவந்தான். கலியாணத்தன்று தேவாலயத்தில் மகளைக் கூட்டிக்கொண்டு நடந்தவர், நடுவில் நின்று மூச்சு வாங்கினார். மகளைப் பிரிகிற கவலை என்று சனம் நினைத்தது.

அடுத்த கிழமையே விண்ணப்பித்தார். மூன்று வருடக் காலம் கடந்துவிட்டது என்று பதில் வந்தது. மேன்முறையீட்டுக்கும் அதே பதில்தான். 

போன ஞாயிறு சம்பந்தி வீட்டில் சாப்பாடு. இனி மறைத்து என்ன என்று அவர் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். மேரியம்மா நெடுங்காலம் தாதியாக இருப்பவர். கேட்டுவிட்டு மெதுவாகச் சொன்னார்.

“எங்களுக்குத் தெரியும். பொம்பிளை கேட்டு வரமுன்னமே தெரியும். கோயிலிலை உங்கடை இருமலைக் கேட்டாலே எனக்கு விளங்கும். அதுக்கும் பிள்ளைக்கும் என்ன? கேட்டால் சங்கடப்படுவியள் எண்டுதான் கேக்கேல்லை.”

கரோலினா தலை குனிந்துகொண்டாள்.  மேரின் மட்டும் தகப்பனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“என்னட்டை ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாமே அப்பா,” என்றாள்.

எங்களில் ஒருவருக்கும் அது தோன்றவேயில்லை. ஸ்ரனிஸ்லாஸ் அவள் தலையைத் தடவிவிட்டு, விடியக் கராஜில் வேலை இருக்கிறது என்று எழும்பினார்.