ரெண்டு பேரும் வந்தது சந்தோஷம்

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். இல்லாததைக் கட்டிச் சொல்ல வேண்டிய தலையெழுத்து எனக்கில்லை. இது என் கூடப்பிறந்த அக்காவுக்கு நடந்தது. பாதி என் கண் முன்னால் நடந்தது.

அத்தான் தவறிப்போய் ஆறு மாதம் ஆகியிருந்தது. அக்கா ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. சாப்பிடு என்றால் சாப்பிடுவாள், படு என்றால் படுப்பாள். மரத்துப்போயிருந்தாள். பழைய சர்ச்சில் ஆளாளுக்குக் கையைப் பிடித்து உச்சுக் கொட்டினார்கள். அது பொறுக்காமல், தன்னை யாருக்கும் தெரியாத ஒரு சபையாகப் பார்த்துத் தேடிப் போனாள். புருஷன் இல்லாதவள் என்று அங்கே மூச்சுவிடவில்லை.

அந்தச் சபையில் புதியவர்களை வரவேற்க வாசலில் ஓர் அம்மா நிற்பார். அதை எழுது, இதை நிரப்பு என்று உயிரை எடுக்க மாட்டார். சிரித்த முகமாக ஆளுக்கொரு பாட்டுத்தாள் கொடுப்பார், போன் நம்பர் கேட்பார், அவ்வளவுதான். அக்காவுக்கு இரண்டு தாள் கொடுத்தார். ஒட்டிக்கொண்டு வந்திருக்கும் என்று அவளும் வாங்கிக்கொண்டாள்.

சாயங்காலம் ஐந்து மணிக்கு அந்த அம்மாவே போன் செய்தார்.

"ரெண்டு பேரும் வந்தது ரொம்ப சந்தோஷம்மா."

ரெண்டு பேரா...

அக்கா என்னிடம் சொன்னபோது, "அந்தம்மாவுக்குக் கண்ணு சரியில்ல, விடுக்கா" என்றேன். அவள் விடவில்லை. அடுத்த ஞாயிறு, பெஞ்சில் பக்கத்தில் ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு இடம் விட்டு உட்கார்ந்தாளாம். "அவருதான்டி" என்றாள். ஆறு மாதத்தில் முதல் தடவையாக அவள் முகத்தில் உயிர் இருந்தது.

புதியவர்களை வீடு தேடிப் போய்ப் பார்ப்பதும் அந்தச் சபை வழக்கம். செவ்வாய்க்கிழமை, பட்டப்பகலில், வாசல் அம்மா அக்கா வீட்டுக்கு வந்தார். நானும் இருந்தேன். உட்கார்ந்ததும் மூலையில் இருந்த காலி நாற்காலியைப் பார்த்து,

"நல்லா இருக்கீங்களாய்யா?" என்றார்.

ஃபேன் சத்தம் மட்டும்... கடக்... கடக்...

பிறகு அக்கா காதோரம் குனிந்தார். "தப்பா எடுத்துக்காதீங்கம்மா. ரெண்டு பேரும் ஒரு வார்த்தைகூடப் பேசிக்க மாட்டேங்கறீங்களே. ஏதாவது மனஸ்தாபமா?"

அக்கா ஆசையாகக் கேட்டாள். "அவரு... பார்க்க எப்படி இருக்காரு?"

"நல்லா இருக்கே கதை. உங்க வீட்டுக்காரரை என்கிட்ட கேக்கறீங்களா? ஓங்குதாங்கா இருக்காரு. சபை வாசல்ல குனிஞ்சுல்ல உள்ள வந்தாரு."

எங்கள் அத்தான் அக்காவின் தோள் உயரம்தான். ஜோடியைப் பார் என்று குடும்பமே கேலி செய்யும்.

அக்கா நாற்காலியைப் பார்த்தாள். வந்த உயிர் முகத்தைவிட்டுப் போய்விட்டது.

அன்றைக்கே அவளை என் வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டேன். யாருக்கும் சொல்லவில்லை.

ஞாயிறு. சர்ச்சுக்குப் போகவில்லை.

மணி ஐந்து. போன் அடித்தது.

ஸ்பீக்கரில் போட்டேன்.

"என்னம்மா, உங்களைக் காணோம்? ஐயா மட்டும் வந்திருந்தாரு."

அக்கா என் பக்கம் திரும்பினாள்.

"தங்கச்சி வீட்டுக்குப் போயிட்டீங்களாமே. அவருதான் சொன்னாரு."

நான் எழுந்து போய் வாசல் கதவைத் தாழிட்டேன்.

"பரவாயில்லம்மா... அடுத்த வாரம் தங்கச்சியையும் கூட்டிட்டு வர்றேன்னு சொல்லிட்டுத்தான் போனாரு."