கீரிப்பாறை இணைப்பு

நாகர்கோவிலில் ஒரு சிறு கம்பெனியில், கம்பியில்லா நெட்வொர்க் கார்டுகளை இயக்கும் டிரைவர் மென்பொருளை எழுதுவது வடசேரி இந்துஜாவின் வேலை. 2009இல் அவளுக்குப் பெரிய பொறுப்பு ஒன்று வந்தது. கீரிப்பாறை ரப்பர் தோட்டத்து மருத்துவமனை நோயாளிகளை நாகர்கோவில் டாக்டர் கம்பியில்லா இணைப்பு வழியே திரையில் பார்த்துப் பேச வேண்டும்.

ஆபீஸில் இரண்டு மேஜைகளுக்கு நடுவே அருமையாக ஓடிய இணைப்பு, மலையில் சோதித்தபோது திக்கியது. டாக்டரின் முகம் பாதி திறந்த வாயோடு உறைந்து நின்றது.

"டிரைவர்ல பிரச்சினை இல்ல சார். ஆன்டெனா திசை மாறியிருக்கும்," என்றாள் இந்துஜா, கம்பெனி முதலாளியிடம். திசை மாறியிருந்தால் சிக்னல் குறைந்திருக்க வேண்டும்; அது முழுதாகக் காட்டியதை அவளும் பார்த்தாள். பார்த்தும் யோசிக்கவில்லை.

ஆன்டெனா கட்டியவர் மயிலாடி ஞானசிங். அவர் டவரில் ஏறி இறங்கி, மறுபடி ஏறி, திருப்பித் திருப்பிக் கட்டினார். தோட்டத்து ஆட்கள் கீழே நின்று சிரித்தார்கள். சில நாளில் முதலாளி அவரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்.

மழைக்காலத்தில்தான் இந்துஜாவுக்குத் தன் தவறு தெரிந்தது. அனுப்பும் ஒவ்வொரு துண்டுத் தகவலுக்கும் மறுமுனை 'கிடைத்தது' என்று பதில் அனுப்பும். அதற்குக் கார்டு எத்தனை மைக்ரோசெகண்ட் காத்திருக்கலாம் என்பதை டிரைவர்தான் குறித்துக் கொடுக்கும். வேகம் கூடட்டும் என்று அவள் அந்த நேரத்தைக் குறைத்திருந்தாள். மேஜைத் தூரத்துக்கு அது போதும். மலையிலிருந்து பதில் வந்துசேருமுன்னே, தகவல் தொலைந்துவிட்டதென்று கார்டு அதையே திரும்பத் திரும்ப அனுப்பியிருக்கிறது.

நேரத்தைக் கூட்டினாள். படம் தங்குதடையின்றி ஓடியது.

"செரி, ஓடிச்சில்லா. இனி பழசக் கிளறாண்டாம்," என்றார், அவள் சொன்ன காரணத்தைக் கேட்ட முதலாளி. அவளும் அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விட்டாள். ஞானசிங் டவர் வேலையையே விட்டுவிட்டார் என்று கேள்விப்பட்ட பிறகுதான் மயிலாடிக்குப் போனாள்.

மைத்துனரின் சிற்பக் கூடத்தில் அவர் சிலைகளுக்கு வைக்கோல் சுற்றிக்கொண்டிருந்தார். அவள் நடந்ததைச் சொன்னாள்.

"அப்போ எனக்க கைப்பிழை இல்லியா?"

"இல்ல அண்ணே. நான்தான் தப்பு பண்ணினேன்."

அவர் கோபப்படவில்லை. உள்ளே பார்த்து மனைவியைக் கூப்பிட்டார். "பிரிஜா, இஞ்ச வா. மேடம், இவகிட்டயும் ஒருக்கா சொல்லுங்க. வேலை தெரியாதவன்னு இவளுக்க வீட்டுல எல்லாரும் பேசியாச்சு."

இந்துஜா மறுபடி முதலிலிருந்து சொன்னாள்.

"இத அன்னைக்கே சொல்லியிருக்கலாமே மக்கா," என்றாள் பிரிஜா. "இப்பம் ஏணியப் பிடிச்சாலே இவருக்குக் கை நடுங்குது."

மறுநாள் ஆபீஸில் எல்லோர் முன்னிலும் இந்துஜா உண்மையைச் சொன்னாள். ஞானசிங்கைத் திரும்ப அழைக்க ஆள் போனது; அவர் வரவில்லை. கீரிப்பாறை இணைப்பு வெகுகாலம் ஓடியது. டாக்டர்கள் பாராட்டும்போதெல்லாம் இந்துஜா தலையைக் குனிந்துகொள்வாள்.