ஈரக் கோணி

அன்றைக்கு இருந்தவர்கள்: நான். ஆட்டோக்காரர். எதிர்வீட்டுப் பெரியவர். பதினோரு மணிக்கு மேல் மீன்காரம்மா. என் இஸ்திரி வண்டிக்கு அடியில் நாய். நாயோடு குட்டிகள் ஏழு. பிறந்து எட்டு நாள். கண் திறக்கவில்லை.

இடம் சாரம் பகுதி. தெருமுனையில் ஒரு வாதாமரம். என் வீட்டுக்காரர் வேலை பார்த்த மில்லை மூடியதும் அந்த மரத்தடியில் வண்டி போட்டோம். அவர் இப்போது ஒரு கம்பெனியில் வாட்ச்மேன். வண்டியை நான் பார்க்கிறேன்.

நாய் மூன்று வருஷமாக வண்டிக்கு அடியில்தான். மண் நிறம். ஒரு காது கிழிந்தது. நான் பேர் வைக்கவில்லை. தெரியாத ஆள் துணி மூட்டையைத் தொட்டால் உறுமும். கடித்ததில்லை.

போன வருஷம் கத்திரி வெயிலில் ஐந்து குட்டி போட்டது. ஒன்றும் தங்கவில்லை. அப்போது நான் தண்ணீர் மட்டும் வைத்தேன். இந்த வருஷம் விடக்கூடாது என்று நினைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

இந்த வருஷம் நிழலும் குறைவு. கரண்ட் கம்பியில் உரசுகிறது என்று மரத்தில் பாதியை வெட்டிவிட்டார்கள். பத்து மணிக்கெல்லாம் வண்டிமேல் வெயில் வந்துவிடும்.

துணி தேய்ப்பதில் ஒரு முறை உண்டு. விறைத்துக் காய்ந்த நூல்சேலைக்குத் தண்ணீர் தெளித்து, சுருட்டி, ஈரத் துணியால் இறுக்கி மூடி வைக்க வேண்டும். ஒரு மணி நேரத்தில் ஈரம் எல்லா இடமும் பரவி, சேலை பதமாக இருக்கும். நடுவில் காற்றுப் பட்டால் கெட்டது. இருபது வருஷமாக இதைத்தான் செய்கிறேன்.

குட்டிகளுக்கும் அதையே செய்தேன்.

கரி வந்த கோணி நாலை எடுத்து வண்டியின் நாலு பக்கமும் கட்டித் தொங்கவிட்டேன். அனல் நுழையக் கூடாது என்று அடியில் செங்கல் வைத்து அமுக்கினேன். தாய் போய்வர ஒரு மூலையில் மட்டும் சந்து. வாளித் தண்ணீரைக் கோணிமேல் ஊற்றினேன். பிறகு இஸ்திரிப் பெட்டியில் கரி போட்டு வேலையைப் பார்த்தேன்.

ஆட்டோக்காரர் அந்த மரத்தடியில்தான் வண்டியை நிறுத்துவார். சவாரி இல்லை. வேடிக்கை பார்த்தார்.

“யக்கா, நாய்க்கு ஏசி ரூம் கட்டிட்ட. எனக்கு ஒண்ணு கெடைக்குமா?”

“நீயும் ஏழு குட்டி போடு, கட்டித் தரேன்.”

எதிர்வீட்டுப் பெரியவர் கேட்டுக்குள் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். சிரித்தார். அவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு ஊருக்கு வந்தவர். தெருவில் பிரெஞ்சு மரியாதையாக முசே என்று கூப்பிடுவோம். நாய் வரக்கூடாது என்று கேட்டில் நீலத் தண்ணீர் ஊற்றிய பாட்டில் நாலு கட்டித் தொங்கவிட்டிருந்தார்.

“முசே, பிரான்ஸ்ல நாய்க்குப் பாஸ்போர்ட் உண்டாமே? நெசமா?”

“நெசந்தான்டா. போடற ஊசியெல்லாம் அதுல எழுதுவான்.”

“பாரு. எனக்கே இல்ல.”

“ஒனக்கு எதுக்கு? கோரிமேடு தாண்டி சவாரி கூப்ட்டாலே நூறு தரம் யோசிக்கிற ஆளு நீ.”

அப்போதுதான் நாய் வெளியே வந்தது. வாயில் ஒரு குட்டி. ரோட்டைத் தாண்டி பெரியவர் வீட்டு மதில் ஓரம் கொண்டுபோய்ப் போட்டது. அங்கே ஒரு சாண் நிழல். குட்டியின் பாதி உடம்பு வெயிலில் கிடந்தது. நாய் திரும்பி வண்டிக்கு ஓடிவந்தது.

நான் போய்க் குட்டியைத் தூக்கி வந்து உள்ளே வைத்தேன். சந்து வழியாகக் கையை மட்டும் விட்டு வைத்தேன். குனிந்து பார்க்கவில்லை.

மறுபடி ஒன்றைத் தூக்கிப்போனது. மறுபடி கொண்டுவந்து வைத்தேன். மூன்றாவது தரம் ரோட்டு நடுவிலேயே குட்டி நழுவி விழுந்தது. தார் இளகிக் கிடந்தது. ஆட்டோக்காரர் ஓடிப்போய் எடுத்துவந்து உள்ளே வைத்தார்.

“யக்கா, இதுக்கு வெயில் மண்டைக்கு ஏறிடுச்சி.”

பெரியவர் எழுந்து கேட்டைச் சாத்தினார். “ஏம்மா, வெறி கிறி புடிச்சிருக்கப் போவுது. கடிச்சி வெச்சா யாரு பதில் சொல்றது?”

“கடிக்காது முசே.”

“பெத்த குட்டியையே வெயில்ல போடுது. இதுக்கு மேல இன்னா வேணும்?”

பழைய சேலைக்கரை ஒன்று இருந்தது. அதை நாய் கழுத்தில் கட்டி, மரத்தில் சேர்த்து முடிச்சுப் போட்டேன். பக்கத்தில் தண்ணீர்ச் சட்டி வைத்தேன். வண்டி மூலையில் விட்டிருந்த இடைவெளியையும் ஒரு செங்கல் வைத்து அடைத்தேன். கோணிமேல் இன்னும் ஒரு வாளி ஊற்றினேன்.

நாய் குரைக்கவில்லை. இழுத்தது. சட்டி கவிழ்ந்தது. திரும்ப நிரப்பி வைத்தேன். குடிக்கவில்லை. வண்டியையே பார்த்து இழுத்துக்கொண்டிருந்தது. ஊளை மாதிரி ஒரு சத்தம் வந்தது. நான் தேய்த்துக்கொண்டிருந்தேன். நாலு சட்டை, ஒரு பேண்ட் ஆனது.

மீன்காரம்மா கனகசெட்டிக்குளத்திலிருந்து பஸ்ஸில் வருபவர். எங்கள் தெரு வரும்போது பாதிக் கூடை காலியாகியிருக்கும். கூடைமேல் போட்ட கோணியை நனைக்க என்னிடம் தண்ணீர் வாங்குவார். அன்றைக்கும் கூடையை இறக்கி வைத்தார்.

“இன்னாடி, வாயில்லா ஜீவன இந்த இழுப்பு இழுக்க வுட்டுட்டு துணி தேச்சிக்கினு இருக்க?”

சொன்னேன். வெயிலுக்குக் கோணி கட்டியதை, அது குட்டிகளைத் தூக்கிப்போனதை, நான் திருப்பி வைத்ததை.

அவர் குனிந்து, செங்கல்லைத் தள்ளி, கோணிக்குள் கையை விட்டார். உடனே வெளியே இழுத்துக்கொண்டார்.

“அடியே, இட்லிப் பானைடி இது! மேல பொட்டி கொதிக்குது, கீழ ஆவி.”

“நனைச்சித்தான யக்கா வெச்சேன்.”

“நனைச்சா ஆச்சா? காத்து போவ வேணாமா? நான் கூடைக்கு மேல மட்டுந்தான் போடறேன் பாரு. சுத்தி அடைச்சேன்னு வெய்யி, பஸ் ஸ்டாண்டு வர்றதுக்குள்ள மீனு வெந்துபூடும்.”

நான் கோணியை அறுத்தேன். உள்ளேயிருந்து வந்த ஆவி முகத்தில் அடித்தது.

நாய் குட்டிகளை வெயிலில் போடவில்லை. வெளியே கொண்டுபோயிருக்கிறது. மூன்று தரமும் நாங்கள் திருப்பி உள்ளே வைத்தோம். பிறகு நான் கட்டிப்போட்டேன்.

குட்டிகளைத் தேய்க்க விரிக்கும் துணியில் அள்ளினேன். எங்கே வைப்பது என்று தெரியவில்லை. எந்தப் பக்கமும் வெயில். எதிரே பெரியவர் கேட்டைத் திறந்தார்.

“இங்க கொண்டா. கார் ஷெட்டுல கடப்பாக் கல்லு. சில்லுனு இருக்கும். சீக்கிரம்.”

கல்லில் வரிசையாகப் போட்டோம். மீன்காரம்மா ஈரத் துணியால் ஒவ்வொன்றின் வயிற்றையும் துடைத்தார். ஆட்டோக்காரர் கூடையிலிருந்து ஐஸ் எடுக்கப் போனார். மீன்காரம்மா தடுத்தார்.

“ஐஸை வெக்காதடா. சின்ன உசுரு, தாங்காது. அட்டை எடுத்து விசுறு.”

விசிறினார். பெரியவர் டேபிள் ஃபேனைக் கொண்டுவந்து வைத்தார். வயர் எட்டவில்லை. உள்ளே போய் இன்னொரு வயர் கொண்டுவந்தார்.

நான் நாயை அவிழ்க்கப் போனேன். இழுத்து இழுத்து முடிச்சு இறுகியிருந்தது. என் விரலுக்கு வரவில்லை. ஆட்டோக்காரர் அட்டையைப் பெரியவரிடம் கொடுத்துவிட்டு வந்து, பல்லால் கடித்து அவிழ்த்தார். அவர் முகம் அதன் வாய்க்குப் பக்கத்தில் இருந்தது. அது அவரைப் பார்க்கவேயில்லை.

நேராகக் கேட்டுக்குள் ஓடியது. நீலப் பாட்டில் நாலும் தொங்கிக்கொண்டுதான் இருந்தன. முகர்ந்துகூடப் பார்க்கவில்லை.

ஏழையும் நக்கியது. ஐந்து நெளிந்தன. இரண்டு அசையவில்லை. அந்த இரண்டையும்தான் ரொம்ப நேரம் நக்கியது.

மீன்காரம்மா கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டார். “நல்லதுக்குத்தான் செஞ்ச. போ. வேலையப் பாரு.”

போனேன். கொடுக்க வேண்டிய துணி இருந்தது. தேய்த்தேன். சாயங்காலம் ஆட்டோக்காரர் இரண்டையும் காலி மனையில் புதைத்தார். மறுநாள் காலையில் இன்னொன்று. அதை நான் புதைத்தேன்.

அன்றைக்கே பெரியவர் பாட்டில்களைக் கழற்றி, நீலத் தண்ணீரைச் செம்பருத்திக்கு ஊற்றினார்.

“இன்னா முசே, காவல எடுத்துட்டீங்க?”

“எங்கடா காவல்? சும்மாத்தான் தொங்கிக்கினு கெடந்துது.”

வண்டியில் இப்போது ஒரு கோணிதான். மேலே மட்டும், கூரை மாதிரி. நாலு பக்கமும் திறந்து கிடக்கிறது. நாய் அங்கே வரவில்லை. கார் ஷெட்டிலேயே தங்கிவிட்டது. காலையில் ஒரு தரம், மத்தியானம் ஒரு தரம் மண்சட்டியில் தண்ணீர் கொண்டுபோய் வைத்தேன். நான் நிற்கும்வரை குடிக்காது. குட்டிகளுக்கு முன்னால் வந்து நின்றுகொள்ளும். நான் ரோட்டைத் தாண்டிய பிறகு நக்கும் சத்தம் கேட்கும். அது செய்வது சரி.

கத்திரி முடிந்த மறுநாள் கேட்டுக்கு வெளியே நின்று குட்டிகளை எண்ணினேன். கண் திறந்திருந்தன. கல்லில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி விழுந்துகொண்டிருந்தன. அதனால் இரண்டு தரம் எண்ண வேண்டியிருந்தது.

நாலு.