அஹமது கபீரின் முப்பத்தொன்பதாவது படம்

அஹமது கபீர் நன்னிலம் கடைத்தெருவில் தையல்கடை வைத்திருந்தார். நான் அவ்வூர் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவறை எழுத்தர். 1961 முதல் என் சட்டைகளை அவர்தான் தைத்தார்.

அவர் சேர்த்தது கப்பல் படங்கள். காலண்டர் தாள், பழைய ஆங்கிலப் பத்திரிகையின் நடுப்பக்கம், பினாங்கிலிருந்து வந்தவர்கள் கொடுத்த அச்சுப் படம் எதுவானாலும், அதில் பாய்மரமும் அலையும் இருந்தால் கண்ணாடி போட்டு வீட்டில் மாட்டிவிடுவார். 1976 முடிவில் முப்பத்தெட்டுப் படங்கள் இருந்தன. அளவும் வந்த தேதியும் போட்டுப் பட்டியல் எழுதிக் கொடுத்தவன் நான்.

"ஏன் பாய், கப்பலாப் பாத்துச் சேக்குறீங்க?" என்று ஒருமுறை கேட்டேன்.

"கடல்லதான் அண்ணே வரப்பு இல்ல. உங்க ஆபீஸுக்கும் அங்க வேலை இல்ல."

படத்தில் ஆள் இருந்தால் அப்படியே மாட்டமாட்டார். தொழுகிற வீட்டில் உருவம் இருக்கக் கூடாது என்பது அவர் கட்டுப்பாடு. பொடி நிப்பும் கறுப்பு மையும் எடுத்துக்கொண்டு உட்காருவார். தளத்தில் நிற்கும் மாலுமி ஒவ்வொருவரும் பீப்பாயாக மாறிவிடுவார். இரும்புப் பட்டைகூட விடாமல் வரைவார். சொன்னால் ஒழியத் தெரியாது. அந்த வீட்டில் யாரும் போட்டோ எடுத்துக்கொண்டதும் இல்லை.

ஒரே மகன் ஜெக்கரியா. 1974 தை அறுப்பில் கூலித் தகராறு வந்தபோது, அப்பா இல்லாத நேரத்தில் விவசாயத் தொழிலாளர்களுக்கு அதே கடையில் பன்னிரண்டு சிவப்புக் கொடி தைத்துக் கொடுத்தான். மறுநாள் மிராசுதாரின் ஆட்கள் நாலு பேர் கடை வாசலில் வந்து நின்றார்கள். "பையன ஊர்ல வச்சுக்காதீங்க பாய். சொல்லிட்டோம்." அந்த வாரமே மகனைத் தூத்துக்குடியில் தோணி வைத்திருந்த உறவினரிடம் அனுப்பினார் கபீர்.

"படத்துல பாத்த கடல நம்பிப் புள்ளைய அனுப்புறீங்களே" என்று அழுதார் அவர் மனைவி ஜன்னத் பீவி.

1977 ஜனவரியில் ஊர்க்காரர் ஒருவர் மூலம் மகன் ஒரு காலண்டரை அனுப்பினான். கடிதம் இல்லை. உப்பு வியாபாரி ஒருவர் போட்ட காலண்டர்; கரையோரம் பாய் விரித்த தோணி, அதன் தளத்தில் பாய்மரத்தடியில் நான்கு பேர். அன்று மாலையே நான்கு பீப்பாய் வரைந்து, முப்பத்தொன்பதாவது படமாக மாட்டினார்.

அந்த நவம்பர் புயலில் தோணி திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை.

தை மாதம் துக்கம் கேட்கத் தூத்துக்குடியிலிருந்து துரைராசு வந்தார். அதே தோணியில் வேலை செய்தவர். காய்ச்சலால் அந்த நடை போகாமல் தப்பியவர். நானும் அங்கிருந்தேன். சுவரைப் பார்த்ததும் எழுந்து கிட்டே போனார்.

"நம்ம தோணியில ஏதுங்க பீப்பா? இங்கதான ஆளுங்க நின்னாங்க. படம் புடிக்கிறப்ப நான் கரையில மூட்டை அடுக்கிட்டிருந்தேன். ஜெக்கரியா மேல ஏறிப் போனான். 'வீட்ல கண்டுபிடிக்கிறாங்களா பாப்போம்'னு சிரிச்சானே."

உள்ளிருந்து வந்த ஜன்னத் பீவி கணவரைப் பார்த்து, "ஒரே ஒரு தடவை அவனப் பாத்துடுறேங்க. எப்படியாவது காட்டிடுங்க" என்றார்.

கபீர் பிளேடால் மையைச் சுரண்டினார். தாள் கிழிந்தது.

அதே காலண்டர் வேறெங்காவது இருக்கும் என்று ஏழு ஊர்களுக்குக் கார்டு எழுதினேன். வருடம் முடிந்த காலண்டரை யார் வைத்திருப்பார்கள்? கடைசியில் நாகப்பட்டினத்து உப்பு மண்டி ஒன்றிலிருந்து பதில் வந்தது. மார்ச் நான்காம் தேதி இருவரும் போனோம். காலண்டர் புயல் மழையில் நனைந்து, படத்தில் பாயெல்லாம் கரைந்திருந்தது. தோணியின் தளம் தப்பியிருந்தது.

திரும்பும்போது பஸ்ஸில் என் பூதக்கண்ணாடியை வாங்கிப் பார்த்தார். அரை அரிசி அளவு முகங்கள். கண்ணாடி வைத்தால் புள்ளி புள்ளியாகச் சாயம்தான் தெரிந்தது.

"எது அண்ணே?"

"பெத்தவருக்கே தெரியலன்னா எனக்கு எப்படி பாய் தெரியும்?" என்றேன். அதைச் சொல்லியிருக்கக் கூடாது.

வீட்டில் தாளை விரித்து, நடுவில் நின்றவன்மேல் விரலை வைத்தார். "இதான் ஜன்னத்து."

அந்த அம்மாள் பூதக்கண்ணாடியைத் தொடவில்லை. "இது இல்லீங்க. இந்தா, ஓரத்துல. எடக்கால வலக்காலால தேச்சுக்கிட்டு நிக்கிறான் பாருங்க. சின்னதுல சேத்துப்புண்ணு வந்ததுலேர்ந்து அவன் அப்படித்தான் நிப்பான்." பிறகு தாளின்மேல் குனிந்து, மகனைக் கொஞ்சும் குரலில், "எளச்சுட்டியே அத்தா" என்றார்.

தெரிகிறது என்று கபீர் தலையாட்டினார். என்னை வழியனுப்பத் தெருவுக்கு வந்தவர், "எனக்குத் தெரியல அண்ணே" என்றார்.

ஜன்னத் பீவி தாளைத் தன் தகரப்பெட்டியில் வைத்துப் பூட்டினார். கபீர் இறந்தது 1983 ஆகஸ்டில். அதுவரை ஒருநாளும் அதைக் காட்டச் சொல்லி அவர் கேட்கவில்லை.