ஹெல்மெட்டுக்குள்ளை ஆர்?

ஜூனில் யன்னலைத் திறந்தால் பந்தயக் கார்களின் இரைச்சல் வீடுவரை வரும். எனக்கு உடனே அப்பாவின் கையில் மணத்த குளோரின்தான் ஞாபகம்.

அப்போது பிரெஞ்சு பேசும் இதே நகரத்தில், சென்ட் லோரன்ட் பகுதியில் இருந்தோம். அப்பா ஒரு உணவகத்தில் குளோரின் தண்ணீரில் கோப்பை கழுவினார். ஞாயிறுகளில் டிவியில் ஒரு அமெரிக்க ஓட்டுநரைப் பார்ப்போம். மண் தடமோ, தார்த் தடமோ, விடிய விடிய ஓடும் பந்தயமோ, எந்தக் காரிலும் வெல்லுவார். எனக்கு அவர் கடவுள். அப்பா நம்பவேயில்லை.

“ஒரு ஆளாலை இவ்வளவும் ஏலாது. ஒரு பேரிலை மூண்டு பேர் ஓடுறாங்கள்.”

அந்த ஓட்டுநர் ஹெல்மெட்டைக் கழற்றினால் அப்பா டிவிக்குக் கிட்டப் போவார். “போன கிழமை மூக்கு இப்பிடி இல்லை.”

“எல்லாரும் உங்களைப் போலையே?” என்று அம்மா குசினியிலிருந்து சிரிப்பார்.

ஒருநாள் உணவக முதலாளி போன் எடுத்தார். பிரெஞ்சு தெரிந்த நான்தான் கதைத்தேன். “உங்கள் சிவம் அபூர்வமான ஆள். கோப்பை கழுவுவார், பீசா போடுவார், அடைத்த குழாயும் திருத்துவார்!”

அப்பாவின் பெயர் தேவன். வேலை அனுமதி சிவம் மாமாவுக்கு மட்டும்தான். அந்த ஒரு பேரில் அவரும் அப்பாவும் இன்னொரு மாமாவும் மாறி மாறி வேலைக்குப் போனார்கள். முதலாளி ஒருநாளும் மூக்கைப் பார்க்கவில்லை.

இப்போது டிவியில் வென்றவன் ஹெல்மெட்டைக் கழற்றுகிறான். நான் எழும்பிக் கிட்டப் போகிறேன்.