கீபோர்டுக்காரன் பாடிய சாயங்காலம்

எங்கள் கச்சேரிக் குழுவில் பன்னிரண்டு வருஷமாக நான்தான் முதல் பாடகன். செங்கல்பட்டிலும் சிங்கப்பெருமாள் கோயிலிலும் எந்தக் கல்யாண மண்டபமானாலும் மைக் என் கையில். கீபோர்டுக்காரன் பின்னால் உட்கார்ந்திருப்பான். புதுப்பட்டினத்துக்காரன், என்னைவிட எட்டு வயது இளையவன். "ஹலோ, செக்" சொல்லக்கூட மைக்கைத் தொடமாட்டான்.

அவன் கிட்டார் கற்றுக்கொண்டு, சொந்தமாகப் பாட்டெழுதி, குழுவை விட்டுப் போகிறேன் என்றபோது சிரித்தேன். மாமல்லபுரத்தில் ஒரு கஃபேயில் ஞாயிறு சாயங்காலம் முதல் நிகழ்ச்சி. வாழ்த்தப் போவதாக வீட்டில் சொன்னேன். பொய். அவன் சொதப்புவதைப் பார்க்கத்தான் போனேன்.

சொதப்பவில்லை. சின்னக் குரல்தான், என் குரலில் பாதி இருக்காது. ஷிப்ட் பஸ்ஸைத் தவறவிட்டவனைப் பற்றி ஒரு பாட்டு, புதுப்பட்டினம் மார்க்கெட்டில் பெய்யும் மழையைப் பற்றி ஒன்று. சுற்றியிருந்தவர்கள் காபியை ஆறவிட்டுக் கேட்டார்கள். நான் பாடும்போது ஜனங்கள் பந்திக்கு எழுந்து போவார்கள். எனக்கு வயிறு எரிந்தது. பாட்டு நன்றாக இருந்ததுதான் கூடுதல் எரிச்சல்.

பாதியில் என்னைப் பார்த்துவிட்டான்.

"எங்க மெயின் சிங்கர் வந்துகீறாரு. ஒரு பாட்டு பாடுவாரு."

விடுவேனா? எல்லாக் கல்யாணத்திலும் கைதட்டல் வாங்கித் தரும் சினிமாப் பாட்டைச் சொன்னேன். அவன் என் காதருகே குனிந்து, "ஒரு கட்டை எறக்கி எடுக்கட்டாண்ணா?" என்றான். சுருதியைக் குறைப்பதாம், எனக்கு!

"இன்னா, நாலு பாட்டு எழுதிட்டா எனக்கே கட்டை சொல்லுவியா? ஒரிஜினல்லயே எடு."

எடுத்தான். பல்லவி எப்படியோ தாண்டியது. சரணத்தின் உச்சியில் குரல் உடைந்து வெறும் காற்று வந்தது. அவன் ஒரு நொடிகூட விடாமல் கீழ் ஸ்தாயியில் அந்த வரியைப் பிடித்துக்கொண்டான். பேசி வைத்துப் பாடியதாக நினைத்து எல்லாரும் கைதட்டினார்கள்.

நிகழ்ச்சி முடிந்ததும் என் வண்டி வரைக்கும் வந்தான்.

"கீபோர்டுல சுருதி எறக்கற பட்டன் ஒண்ணு கீதுல்ல, அத்த அமுக்கிட்டுதான் உனுக்கு வாசிச்சுகினு இருந்தேண்ணா. அஞ்சாறு வருஷமா. நீ ஃபீல் பண்ணுவேன்னு சொல்லல."

"அப்போ பேஸ் கிட்டாரு, ஃப்ளூட்டுலாம் எப்புடி ஒத்துப்போச்சு?"

"அவுங்களுக்கு முன்னாடியே சொல்லிடுவேன்."

கேலியாகச் சொல்லியிருந்தால் அவனை வெறுத்துவிட்டு நிம்மதியாக வீடு போய்ச் சேர்ந்திருப்பேன். அதற்கும் வழி இல்லாமல், பாவம் பார்த்துத் தணிவாகச் சொன்னான். அவன் பாட்டைவிட அந்தத் தணிவின் மேல்தான் எனக்குப் பொறாமை அதிகம். இன்றுவரை தீரவில்லை.

அடுத்த வாரம் ஒரு வரவேற்புக் கச்சேரி. புதிதாக வந்திருந்த கீபோர்டுக்காரர், "எந்தக் கட்டையில சார் எடுக்கணும்?" என்று கேட்டார். மற்றவர்கள் தங்கள் வாத்தியங்களைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஒரு கட்டை எறக்கியே எடுங்க" என்றேன்.

ஒருவரும் ஆச்சரியப்படவில்லை.